ரோசாலிக்

உத்திராடத்துக்கு முந்தின ராத்திரி.
மீனாட்சிபுரம் சோதனைச்சாவடியிலிருந்து
கோபாலபுரம் வரைக்கும் பால் வண்டிகள்.
நாளை மறுநாள் பாயசமாகக் கொதிக்க வேண்டிய பால்.

என் மேஜையில் ஒரு பழுப்பு பாட்டில்.
லேபிளில் சஜீவன் மலையாளத்தில் எழுதியதும்
கீழே நான் தமிழில் எழுதியதும்
ஆல்கஹால் பட்டுக் கலங்கி
ஒரே எழுத்தாகிவிட்டன.
ரோசாலிக் அமிலம்.
எந்தச் செடியிலும் பூக்காதது,
கரித்தாரிலிருந்து வடித்தெடுத்தது,
பெயரில் மட்டும் ரோஜா.

அஞ்சு மில்லி பால், அஞ்சு மில்லி ஆல்கஹால்,
மூன்று சொட்டு.
நல்ல பால் ஆறிப்போன டீயின் நிறத்துக்கு வரும்.
சோடா விழுந்த பால்
கல்யாணப் பத்திரிகை ஓரத்து ரோஸ்.

கெட்ட பாலைக் காட்டும் என்றுதான்
டிரைவர்கள் நினைத்திருக்கிறார்கள்.
பால் கெடுவதில் இதற்கு அக்கறையே இல்லை.
புளிப்பை மறைக்க யாரோ கை வைத்தார்களே,
அந்தக் கையைத்தான் காட்டும்.

ஒன்று பத்துக்கு ஆறுக்குட்டியின் வண்டி.
நெகமத்தில் ஏற்றியது, பன்னிரண்டாயிரம் லிட்டர்.
குலுக்கினேன்.
ரோஸ்.
இன்னொரு டியூபில் மறுபடி.
ரோஸ்தான், கொஞ்சம் வெளிறி.
அந்தக் கொஞ்சத்தின் மேல் எனக்குச் சந்தேகம் வரவில்லை,
தூக்கம் வந்தது.

"நமக்கு இதொண்ணும் தெரியாதுங்க."
கெஞ்சவில்லை.
டியூபை வாங்கி ஹெட்லைட்டுக்கு நேராகப் பிடித்தார்.
"கலரு மட்டும் நல்லாத்தான் இருக்குதுங்க"
என்று திருப்பிக் கொடுத்துவிட்டுக்
கையெழுத்துப் போட்டார்.
வண்டியைத் திருப்ப இடமில்லை.
பின்னால் பதினாறு வண்டிகள்
ஒவ்வொன்றாகத் தென்னந்தோப்பு ஓரம் ஒதுங்கின.
எல்லோரும் பார்த்தார்கள்.
ஒருத்தர்கூட ஹாரன் அடிக்கவில்லை.

மூன்றரைக்கு டியூப் கழுவ உட்கார்ந்தேன்.
சிவப்பு வாளியில் சலவைச் சோடா,
நீல வாளியில் தண்ணீர்.
குழாய் ஒன்பது மணிக்கே நின்றுபோனது.
ஐந்து தரம் அலச வேண்டியதை
அதே நீல வாளியில்
இரண்டு தரம்
முக்கி முக்கி எடுத்துக்கொண்டிருந்தேன்,
ஒன்பதிலிருந்து.

நீல வாளித் தண்ணீரில் விரல் விட்டேன்.
வழுக்கியது.

அடுக்கில் கவிழ்ந்திருந்த டியூப் ஒன்றை எடுத்தேன்.
பால் இல்லை.
குடிக்க வைத்திருந்த கேன் தண்ணீர், ஆல்கஹால்,
மூன்று சொட்டு.

ரோஸ்.
அதே வெளிறிய ரோஸ்.

எனக்கு நானே வக்கீல் வைத்துக்கொண்டேன்.
ஒன்பதுக்கு மேல் முப்பத்தொரு வண்டி டீ நிறத்தில் போனதே,
அதெல்லாம் இதே வாளியில் முக்கியதுதானே.
முதல் டியூப் புதுப் பெட்டியில் எடுத்ததோ என்னவோ.
வக்கீல் நன்றாகத்தான் பேசினார்.
ஆறுக்குட்டியின் மாதிரிப் பாட்டிலில்
கால்வாசி மிச்சம் இருந்தது.

புதுப் பெட்டியைக் கிழித்தேன்.
டீ.
இன்னொன்று.
டீ.
சஜீவனை எழுப்பி அவன் கையால் ஒன்று.
"சாயா தன்னே," என்றான், கண்ணைத் திறக்காமல்.

ரசீதிலிருந்த நம்பருக்குப் போட்டேன்.
பரிதிக்குப் புறத்தாணு என்றாள் ஒருத்தி.
அவள் எல்லையின் எந்தப் பக்கத்திலிருந்து பேசுகிறாள்?
ஆறுக்குட்டி இந்நேரம் பொள்ளாச்சி தாண்டியிருப்பார்.
ஐஸ் கரைந்துகொண்டிருக்கும்.
இனி அந்தப் பால் நிஜமாகவே புளிக்கும்,
யாராவது நிஜமாகவே சோடா போடுவார்கள்.

பதிவேட்டில் ஒரு வரி எழுதினேன்.
வண்டி எண்: கோடு.
மாதிரி: தண்ணீர்.
நிறம்: ரோஸ்.
சோதித்தவர்: ப. வெள்ளியம்மாள், தினக்கூலி.
அதற்குமேல் எழுதக் கட்டம் இல்லை.

பிறகு குடிக்கிற கேனைக் கவிழ்த்து
டியூப்களை ஒவ்வொன்றாக
ஐந்து தரம் அலச ஆரம்பித்தேன்.
தடுப்புக் கம்பம் இறங்கியே இருந்தது.

இப்போது எல்லோரும் ஹாரன் அடித்தார்கள்.